சட்டைப் பையில் மூன்று பீஸ் கட்டைகள்

ஜமால் பாய் காலமான செய்தி வந்தபோது நான் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஊரார் மோட்டாருக்கெல்லாம் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன் வீட்டில் கூடத்து ஃபேன் மூன்று வாரமாகச் சுற்றவில்லை. மனைவியின் பேச்சு தாங்க முடியாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழற்றிப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டி முடித்திருந்தேன். கீழே நின்ற என் மகள் ரேவதி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் ஒரு ஸ்க்ரூ.

“இது மிச்சம்ப்பா.”

“அது எக்ஸ்ட்ராம்மா. கம்பெனியில ஒண்ணு சேத்துப் போடுவான்.”

“ஃபேனுக்குள்ளயேவா போடுவான்?”

அதற்குள் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. பாயின் மச்சினன். இறங்கக்கூட இல்லை. “மெக்கானிக்கண்ணே, மச்சான் மௌத்தாயிட்டாரு. விடியக்காலம். திருச்சி ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டாந்துட்டோம். அஸர் தொழுதுட்டு அடக்கம்” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

நான் இருந்த கோலத்திலேயே கிளம்பினேன். சாயங்காலம் கபர்ஸ்தானில் எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் அள்ளிப் போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து கனமாக ஏதோ நெஞ்சில் இடித்தது. தொட்டுப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பீஸ் கட்டை. வெள்ளைப் பீங்கானில் கைக்குள் அடங்குகிற சாமான். அதற்குள் ஓடுகிற மெல்லிய கம்பி வழியாகத்தான் வீட்டுக்குக் கரண்ட் போக வேண்டும். ஃபேனில் கை வைக்கும் முன்னால் அதை மீட்டர் பலகையிலிருந்து உருவிப் பையில் போட்டவன், அப்படியே வந்துவிட்டேன். காலையிலிருந்து என் வீட்டில் கரண்ட் இல்லை. திரும்பிப் போனபோது வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்த மனைவி, விசிறியை நிறுத்தாமல், “வாங்க எக்ஸ்பர்ட்டு” என்றாள்.

அந்தக் கட்டை ஏன் என் பைக்குள் வந்தது, அந்த வார்த்தை ஏன் என் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்ற இரண்டுக்கும் ஜமால் பாய்தான் காரணம். நம் நூலக வாசகர் வட்டத்தில் பாயைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றார்கள். உங்களில் பலர் என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன். அதனால்தானோ என்னவோ, ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றியே எழுத வேண்டியதாகிவிட்டது.

பாய் கடைப் பலகை எழுதுகிறவர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நீங்கள் அண்ணாந்து பார்க்கிற பலகைகளில் பாதி அவர் கைதான். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய ஒரு பிடிவாதமும் தெரியும். அர்த்தம் தெரியாத வார்த்தையை எழுத மாட்டார். ஆர்டர் கொடுத்தவுடன் பிரஷ்ஷை எடுக்கிற பழக்கமே கிடையாது. நம் கிளை நூலகத்துக்கு வந்து, அட்டை கிழிந்த அந்தப் பெரிய அகராதியைப் புரட்டிப் பார்த்து, அந்த வார்த்தைக்கு அப்பன் யார், பாட்டன் யார் என்று விசாரித்துக்கொண்டு போய்த்தான் எழுதுவார். “எழுதி முடிச்சப்புறம் அர்த்தம் கேக்கறது, நிக்காஹ் முடிஞ்சப்புறம் பொண்ணு பேரு கேக்கற மாதிரி” என்பார்.

கடைவீதியில் ஒரு தையல்காரர் ‘லண்டன் டெய்லர்’ என்று எழுதக் கேட்டபோது பாய் ஒரு மணி நேரம் அவரோடு மல்லுக்கு நின்றார். “லண்டன் போயிருக்கீங்களா?” என்றார். “இல்லை.” “லண்டன்லேர்ந்து யாராவது வந்து தைச்சுக்கிட்டுப் போயிருக்காங்களா?” “பாய், அரியலூர்லேர்ந்தே ஆள் வர மாட்டேங்குது, அதுக்குத்தானே லண்டன் போடச் சொல்றேன்!” பாய் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் ‘லண்டன்’ சின்னதாக இருக்கும், ‘டெய்லர்’ பெரிதாக இருக்கும். நீங்களே போய்ப் பாருங்கள்.

இந்தப் பிடிவாதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது, என் பலகை வரும் வரைக்கும்.

நான் அந்தப் பலகைக்கு ஏன் அவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கிணறு வெட்டவும் தூர் எடுக்கவும் போனவர். குரும்பலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு அவர் கடப்பாரை பட்டிருக்கும். தலை நரைத்த பிறகும் அவரை நிலம் வைத்திருந்த காட்டுக்காரர்கள் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். நான் அரியலூரில் ஒரு கடையில் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, பெரம்பலூரில் சொந்தமாகக் கடை போட்டேன். எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. ஊரெல்லாம் மாடு பூட்டி இறைக்கிற கமலையை விட்டுவிட்டு கரண்ட் மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்பாவை ‘டேய்’ என்றவர்கள் என்னை ‘மெக்கானிக்கு’ என்றார்கள். மோட்டார் நின்றுபோன அன்று ‘வாங்க மெக்கானிக்கு’ என்றார்கள். அந்த ‘ங்க’ வந்த வேகத்தில் போய்விடும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். திருச்சியில் ஒரு கடைப் பலகையில் ‘எக்ஸ்பர்ட்’ என்று பார்த்திருந்தேன். அந்த வார்த்தை தலைக்கு மேல் தொங்கினால் யாரும் ‘டா’ போட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

‘கலியபெருமாள் எலக்ட்ரிகல்ஸ்’ என்று அழகாக எழுதினார் பாய். அடுத்த வரியில் ‘மோட்டார் ரீவைண்டிங்’ வரைக்கும் எழுதி, கடைசி வார்த்தைக்கு இடம் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். “ரெண்டு நாள் குடுங்கண்ணே. பாத்துட்டு வர்றேன்.” எனக்கும் அவருக்கும் ஒரு மாதம்தான் வித்தியாசம். அந்த ஒரு மாதத்துக்காகக் கடைசி வரை என்னை அண்ணே என்றார்.

இரண்டாம் நாள் ஒரு பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தார்.

“லத்தீன் பாஷையிலேர்ந்து வருதுண்ணே. ‘முயன்று பாக்கறது’ன்னு ஒரு வினைச்சொல்லு. அப்படி முயன்று பாத்து, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன் எக்ஸ்பர்ட்டு. எக்ஸ்பீரியன்ஸு, எக்ஸ்பெரிமென்ட்டு எல்லாம் கூடப் பொறந்ததுங்க.”

“நல்ல குடும்பமாத்தானே இருக்கு. எழுதுங்க பாய்.”

“பொறுங்க. ஆபத்துக்கு இங்கிலீஷ்ல ‘பெரில்’னு ஒரு வார்த்தை இருக்கு. அதுவும் இதே வேருதான்.”

“அதை ஏன் இப்ப இழுக்கறீங்க?”

“நான் இழுக்கலை. அகராதி இழுக்குது. முயன்று பாக்கறவன் எங்க போய் நிப்பான்? ஆபத்துலதானே நிப்பான்?” லேபிளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “அப்புறம், ரொம்பக் காலம் இது குணத்தைச் சொல்ற வார்த்தையாத்தான் இருந்திருக்கு. தேர்ந்த கை, தேர்ந்த கண்ணுன்னு சொல்றோமே அந்த மாதிரி. ஒரு ஆளுக்கே பட்டமா ஆனது ரொம்பப் பின்னாடிதானாம்.”

“நமக்கு அந்தப் பின்னாடி வந்த அர்த்தமே போதும்.”

“தமிழ்ல ‘கைதேர்ந்தவர்’னு போட்டுரட்டுமா? அதுவும் தேர்வுதான். சோதிச்சுப் பாத்து நின்ன கை.”

“தேர்வுங்கற பேச்சே வேணாம் பாய். அதுல நான் நின்னதில்லை.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் எழுதவில்லை. “ஒரு நாள் உங்ககூட வந்து வேலையைப் பாத்துட்டு எழுதறேன். கோர்ட்டுல எக்ஸ்பர்ட்டுன்னு ஒருத்தரைக் கூப்பிட்டா, நீ இதுவரைக்கும் என்னென்ன பாத்திருக்கேன்னுதான் முதல்ல கேப்பாங்களாம்.”

எனக்குக் கோபம். வார்த்தைக்கு இடம் விட்ட பலகை அப்படியே கடை வாசலில் தொங்கியது. வருகிறவன் போகிறவன் எல்லாம் “ரீவைண்டிங், அப்புறம்?” என்று கேட்டான். அப்புறம் என்ன என்று எனக்கே தெரியாதது போல நிற்க வேண்டியிருந்தது.

அந்த வாரத்திலேயே குரும்பலூரிலிருந்து தங்கராசு என்ற காட்டுக்காரர் வந்து நின்றார். “மோட்டாரு உறுமுது, சுத்த மாட்டேங்குதுங்க. சின்ன வெங்காயம் காய் திரளுற நேரம். மூணு நாளா தண்ணி இல்லை. இன்னிக்கும் பாயலேன்னா பயிரை மறந்துட வேண்டியதுதான்.” அப்போது காட்டு மோட்டாருக்கு வேண்டிய முழுக் கரண்ட் நாள் முழுக்க வராது. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வரும் என்று பேச்சு. அதற்குள் மோட்டார் தயாராக வேண்டும். நான் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். பாய் தோளில் பெயிண்ட் துடைக்கிற துணியோடு பின்னால் கேரியரில் தொற்றிக்கொண்டார்.

தங்கராசின் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால் மோட்டாரையும் முப்பதடி ஆழத்தில் ஒரு பாறைத் திட்டில் இறக்கி வைத்திருந்தார்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் கால் வைத்து இறங்க வேண்டும். மேலே ஓலைக் கொட்டகையில் மெயின் பெட்டி, மூன்று பீஸ் கட்டைகள், பக்கத்தில் ஸ்டார்ட்டர். மெயினின் கைப்பிடி துருவேறி, ‘ஆன்’ பக்கமாகவே இறுகிக் கிடந்தது. அப்படியிருந்தால் கரண்ட்டை நிறுத்த ஒரே வழி மூன்று கட்டைகளையும் உருவி எடுப்பதுதான். இது எனக்குத் தெரியும். அரியலூரில் முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான்.

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. “கரண்ட் இல்லை” என்றேன், டாக்டர் நாடி பார்த்துச் சொல்வது போல. தங்கராசும் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

“அண்ணே, இந்த ரப்பர் எதுக்கு?” என்றார் பாய்.

ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை உள்ளே அமுக்கி, அதன் மேல் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

“அதுவா? கரண்ட் எப்ப வரும்னு யாரு காத்துக்கிட்டு நிப்பா? வந்த உடனே மோட்டாரு தானா ஓடணும்ல. எல்லாக் காட்டுலயும் அப்படித்தான் கட்டி வச்சிருப்பாங்க.”

“அப்ப இப்ப கரண்ட் வந்தா?”

“பன்னெண்டு மணிக்குத்தான் பாய் வரும்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என் வாயாலேயே விளக்கம் சொல்லிவிட்டு, அதே வாயோடு இறங்கினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இந்த வட்டாரத்தில் யாரும் செய்திருக்க முடியாது. மேலே நிற்கிறவர்கள் பார்க்கும்போது அலட்சியமாக நடந்து போக வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் புத்தியில் இருந்தது.

கீழே பாறைத் திட்டு கசிந்து வழுக்கியது. மோட்டாரின் பெட்டியைத் திறந்தால் மூன்று வயர்களில் ஒன்று தளர்ந்து, கருகி, பச்சை பூத்திருந்தது. அதுதான் வியாதி. இடது கையால் மற்ற இரண்டு வயர்களையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கருகிய செம்பை வலது கையால் சுரண்டினேன். கால் இரண்டும் ஈரத்தில். மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். தங்கராசு குனிந்து பார்ப்பது தெரிந்தது.

அப்போது தூரத்தில், கிழக்குக் காட்டில், ஒரு மோட்டார் கிளம்பிய சத்தம் கேட்டது.

அது கேட்ட மறுநொடி பக்கத்துக் காட்டில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. ரப்பர் கட்டிய மோட்டார்கள் எல்லாம் யாரும் தொடாமலே, வரிசையாக, என் பக்கமாக விழித்துக்கொண்டு வந்தன. கிணற்றுச் சுவர் பொந்திலிருந்த புறாக்கள் படபடவென்று மேலே போயின. என் பத்து விரல்களும் செம்பின் மேல்.

சாகப்போகிற நேரத்தில் கடவுள் ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு அந்த ரப்பர்தான் ஞாபகம் வந்தது. கருப்பாக, இரண்டு சுற்று, மேலே ஒரு முடிச்சு. கையை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது; கை எனக்குச் சொந்தமானதாக இல்லை. மேலேயிருந்து தங்கராசு அலறினார்.

“டேய் கலியா! கையை எடுடா! கரண்ட் வந்துடுச்சுடா!”

அப்போதுதான் விரல்கள் விட்டன. அதுவரை கடந்துபோனது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சுற்றிலும் இருபது மோட்டார்கள் இரைகின்றன. தங்கராசின் மோட்டார் மட்டும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கல் போலக் கிடந்தது. நான் சாகவில்லை. ஏன் சாகவில்லை என்றும் தெரியவில்லை.

படியேறினேன். அப்பா இதே மாதிரிக் கிணறுகளிலிருந்து மண்கூடையோடு ஏறிய ஞாபகம் வந்தது. மேலே வந்து கொட்டகைக்குள் பார்த்தேன். மெயின் பெட்டி திறந்திருந்தது. கட்டைகள் இருந்த மூன்று இடமும் பல் பிடுங்கிய ஈறு மாதிரி காலி. ஜமால் பாய் அதன் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கை சட்டைப் பையின் மேல்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

தங்கராசின் முகம் சாம்பலாக இருந்தது. “எப்படிடா... கரண்ட் வந்தும் உனக்கு எப்படி ஒண்ணும் ஆகலை?”

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். மூன்று பேர் பார்க்கிறார்கள். காதில் அந்த ‘டா’ இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அவர் பயத்தில்தான் சொன்னார். என் உயிருக்குப் பதறித்தான் சொன்னார். எனக்கு அது அப்பாவைக் கூப்பிட்ட குரலாகக் கேட்டது. வாய் தானாகத் திறந்தது.

“பீஸ் கட்டையை உருவாம இறங்கறதுக்கு நான் என்ன கத்துக்குட்டியா?”

தங்கராசு பெட்டியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். என் கையில் ஒன்றுமில்லை. “நீ உருவினதை நான் பாக்கலையே. கட்டை எங்க?”

சுற்றிலும் மோட்டார்கள் ஓடுகின்றன. நான் பாயைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. என் கடை, என் பலகை, என் அப்பா இறங்கிய கிணறுகள், எல்லாம் அந்த மனிதர் அடுத்துச் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் நின்றன. வார்த்தை விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும்.

பாய் பையிலிருந்து பெயிண்ட் துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். “என்கிட்டதானே குடுத்துட்டு இறங்கினாரு” என்றார். “இந்தாங்கண்ணே.”

மூன்று கட்டைகளும் அவர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன.

“அதான பாத்தேன்” என்று தங்கராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “கொஞ்ச நேரத்துல எனக்கு உசுரே போயிடுச்சுங்க.” அந்த ‘ங்க’ திரும்பி வந்துவிட்டது.

நான் மறுபடி இறங்கி வயரை முறுக்கி, ஏறி வந்து, கட்டைகளைச் செருகினேன். மோட்டார் ஓடியது. வெங்காயக் காட்டு வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மூன்று காட்டுக்காரர்களும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அப்படி ஒரு மரியாதையை நான் அதுவரை வாங்கியதில்லை. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தது போல இருந்தது.

திரும்பி வரும்போது பாய் கேரியரில் உட்கார்ந்திருந்தார். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று முதுகு முழுக்கக் காதாக மிதித்தேன். டவுன் நெருங்கும்போது, “அண்ணே” என்றார். சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. “பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு.” அவ்வளவுதான்.

மறுநாள் கடையைத் திறக்கப் போனபோது பாய் ஏணி மேல் நின்று கடைசி வார்த்தையை எழுதிக்கொண்டிருந்தார். ‘எக்ஸ்பர்ட்’. மற்ற எழுத்தெல்லாம் நீலம், இது மட்டும் சிவப்பு. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குழிக்கு ‘வெடி வைக்கும் இடம், அபாயம்’ என்று பலகை எழுதி மிஞ்சிய சிவப்பு என்றார். “ஒரே வேருண்ணே. ஒரே டப்பாவிலேர்ந்து எழுதறதுதான் முறை.” குத்திக்காட்டுகிறாரா, மன்னித்துவிட்டாரா, பட்டமே கொடுக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே நான் அண்ணாந்து பார்க்காமல்தான் நுழைந்தேன்.

ஆனால் ஒன்று. அன்றைக்குப் பிறகு கட்டையை உருவிச் சட்டைப் பையில் போடாமல் நான் எந்த மோட்டாரிலும் கை வைத்ததில்லை. போகிற காட்டிலெல்லாம் முதலில் அந்த ரப்பரை அறுத்துப்போடுவேன். “கிறுக்குப் புடிச்ச மெக்கானிக்கு” என்று திட்டுவார்கள். நான் போன பிறகு மறுபடி கட்டிக்கொள்வார்கள்.

கதை மட்டும் நிற்காமல் வளர்ந்தது. குன்னம் வரைக்கும் போனது. கரண்ட் வரும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்த மெக்கானிக் ஆகிவிட்டேன். மறுக்காமல் இருந்தவன், கொஞ்ச நாளில் நானே சொல்ல ஆரம்பித்தேன். நன்றாகவும் சொன்னேன். எத்தனையோ தடவை பாய் என் கடையில் டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஒரு தடவைகூட இருமியதில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் வந்து அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மேலே ஒரு பூச்சுக் கொடுப்பார். “சிவப்புதாண்ணே சீக்கிரம் மங்கும். ஒரு தடவை எழுதிட்டா ஆச்சுன்னு இருக்க முடியாது.”

போன வருஷம் ரேவதி பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு ‘என் தந்தை’ என்று எழுதினாள். கடைக்கு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினாள். கிணறு, ரப்பர், புறாக்கள், துணியில் சுற்றிய கட்டைகள், எல்லாம் இருந்தது. படித்து முடித்துவிட்டு, “பாய் மாமா, நீங்கதானே சாட்சி. அப்பா நிஜமாவே உங்ககிட்ட குடுத்துட்டுத்தான் இறங்குனாரா?” என்றாள். பிள்ளை விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அந்தக் கிணற்றடியில் நின்றது போல இருந்தது.

பாய் மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை அலசிக்கொண்டிருந்தார். அலசி, உதறி, துணியில் துடைத்து, ஆற அமர நிமிர்ந்தார்.

“உங்கப்பா கட்டையைக் கழட்டாம எதுலயாவது கை வச்சு நீ பாத்திருக்கியாம்மா?”

“இல்ல மாமா.”

“அப்புறம் என்ன?” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பரிசு. வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சுவர்ப்பக்கம் நான் சேர் போட்டுக்கொள்வதில்லை.

திருச்சி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது பாய் பாதியாக இருந்தார். தலைக்கு மேல் ஒரு ஃபேன், சுற்றுக்கு ஒரு தடவை டக், டக் என்று இடித்தது. அவர் மனைவி வெந்நீர் வாங்கக் கீழே போனார்கள். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன்.

“பாய், அந்தக் குரும்பலூர்க் கிணறு...”

“தண்ணி இருக்கா இப்ப?” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“இருக்கு.”

“மோட்டாரு?”

“ஓடுது பாய்.”

“அப்ப சரி.”

டக், டக் என்று ஃபேன். நான் வாயைத் திறந்தேன். வெந்நீர்ச் செம்போடு அந்த அம்மா வந்துவிட்டார்கள். நான் எழுந்துபோய் வார்டு ஆளிடம், அந்த ஃபேனை நிறுத்தி மேல் நட்டை முடுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எக்ஸ்பர்ட் இல்லையா.

நூலகத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ‘எக்ஸ்பர்ட் கலியபெருமாள் பேசுவார்’ என்று கூப்பிட்டார்கள். நான் லண்டன் டெய்லர் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். உட்கார்ந்துவிட்டேன்.

என் கையெழுத்து எனக்கே விளங்காது என்பதால் இதை நல்ல தாளில் எடுத்து எழுதப்போகிறவள் ரேவதி. எதிரில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, நான் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளுவதற்குக் காத்திருக்கிறாள். கிணற்றுப் பக்கத்தை இன்னும் தள்ளவில்லை. இந்த வரியை முடித்ததும் அதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவ்வளவுதான். பென்சில் எழுத்து மங்கிக்கொண்டிருக்கிற ஒரு பீடிக்கட்டு லேபிள். இந்தப் பொங்கலுக்குப் பூச்சுக் கொடுக்க ஆளில்லாத ஒரு சிவப்பு வார்த்தை. வேறு யாரையும் அதைத் தொட விடுவதாக இல்லை. அப்புறம், எந்தச் சாமானில் கை வைத்தாலும் தானாகச் சட்டைப் பைக்குப் போகிற கை.

அன்று சாயங்காலம் கபர்ஸ்தானில் இரண்டு பிடி மண் போட்டுவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொரு கை பையிலிருந்த கட்டையைப் பிடித்திருந்தது. அது என் சூட்டில் வெதுவெதுப்பாகியிருந்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பாய், நான் உங்ககிட்ட எதையும் குடுத்துட்டு இறங்கலை.